ஒரே இரவில் வீழும் கோட்டை

செஞ்சிக்கு வருகிறார்கள், ராஜகிரியை அண்ணாந்து பார்க்கிறார்கள், உயரம் ஏறத்தாழ 800 அடி என்றதும் மூக்கின்மீது விரலை வைக்கிறார்கள். கல்யாண மகாலைச் சுற்றுகிறார்கள், களஞ்சியத்தைக் காண்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலே செஞ்சிக்கும் இடம் கிடைத்தது. மகிழ்ச்சி! நமது ஊர்ப் பெயர் நாலு நாட்டிலே நடமாடுகிறது என்றால் நமக்கென்ன கசக்கவா செய்யும்?

இந்தக் கோட்டையின் வரலாற்றிலே இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் படையோடு வந்து வளைத்துக்கொண்டான். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். ஆண்டுகள் உருண்டன. கோட்டை வீழ்ந்தது 1698-இல்! அதே கோட்டை, அதே மதில், அதே அகழி. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தான். வாயிலைத் தகர்த்தான், இருள் கவிந்ததும் மலைகளின் மீது படையை ஏற்றினான், பொழுது விடிவதற்குள் பிடித்துவிட்டான். ஆண்டுக் கணக்கிலே எதிர்த்து நின்ற கோட்டை, ஒரே இரவில் வீழ்ந்தது!

கோட்டைக் கதை இப்போது எதற்கு என்பீர்கள். காரணம் இருக்கிறது, தோழர்களே! அந்த மலையின் அடிவாரத்திலே, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை சுமந்து பிழைக்கும் தோழர் ஒருவரின் வீட்டிலே, அண்மையில் ஒரு கோட்டை ஒரே இரவில் வீழ்ந்தது. மூன்று கிலோவுக்கும் சற்றுக் குறைவான எடை கொண்ட கோட்டை. பிறந்து ஆறே நாளான பெண் குழந்தை!

மருத்துவமனையில்தான் பிறந்தது. தாயும் சேயும் நலமாக மூன்றாம் நாள் வீடு வந்தனர். ஐந்தாம் நாள் காலை குழந்தை பால் குடிக்க மறுத்தது. "தூக்கக் கலக்கம்" என்றனர். நண்பகலில் துவண்டு கிடந்தது. "பட்சி தோஷம்" என்றார் பாட்டி. அந்தி நேரத்தில் மந்திரிப்பவர் வந்தார், கயிறு கட்டினார், காணிக்கையை வாங்கிக்கொண்டு போனார். இரவு கால் சில்லிட்டது. கம்பளியைப் போர்த்தினர். விடியற்காலையில் ஆட்டோ பிடித்துப் பெரிய மருத்துவமனைக்கு ஓடினர். மருத்துவர்கள் போராடினார்கள். அன்று மாலை, துணியிலே சுற்றிய சிறு மூட்டையாக வீடு திரும்பியது அந்தக் குழந்தை.

துக்கம் கேட்கப் போனோம். நூறு கிலோ மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் அந்தத் தோழர், ஆறு நாள் குழந்தையின் பாரம் தாங்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் கேட்டார்:

"அண்ணே! நாலு ஊரு மேடையில பேசுறவங்க நீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காய்ச்சல்கூட இல்லையே அண்ணே! ரத்தத்துல கிருமின்னு சொல்றாங்க. பொறந்த அன்னிக்கே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா, எம் பொண்ணு பொழச்சிருக்குமா?"

மேடையிலே மணிக்கணக்கில் பேசும் நமக்கு, அன்று நா எழவில்லை. அறிந்தவர்களைத் தேடிப் போனோம், கேட்டோம், படித்தோம். அந்தத் தோழருக்குத் தர வேண்டிய பதிலை, அவரைப் போன்ற ஆயிரமாயிரம் தந்தையருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

நோயின் பெயர் செப்சிஸ். கிருமி இரத்தத்திலே புகுந்து உடலெங்கும் பரவி, உறுப்புகளை ஒவ்வொன்றாய் ஓயச் செய்வது. பெரியவர்களுக்கு வந்தால் காய்ச்சல் கொதிக்கும், குளிர் உலுக்கும், "ஐயோ" என்று அலற வாய் இருக்கும். பச்சைக் குழந்தைக்கு? அதற்கு அலறத் தெரியாது. பல வேளைகளில் அதன் உடல் சுடுவதுகூட இல்லை, சில்லிட்டுப் போகிறது! "காய்ச்சல் இல்லையே" என்று பெற்றோர் ஆறுதல் கொள்ளும் அந்த நேரத்திலேதான் பகைவன் மதிலேறிக் கொண்டிருக்கிறான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இரத்தத்திலே அடையாளம் உண்டா? உண்டு என்கிறது விஞ்ஞானம்.

1930-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கூடத்திலே, டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் புதுமையான ஒரு பொருளைக் கண்டனர். உடல் நலமாக இருக்கையில் இருக்கும் இடம் தெரியாது. தொற்று வந்தால் பெருகும். அதுதான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக, சி.ஆர்.பி. ஈரல் சுரக்கும் புரதம் அது. பின்னர் 1993-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், கடும் தொற்றுக்கு ஆளான குழந்தைகளின் இரத்தத்தில் புரோகால்சிடோனின் என்ற மற்றொரு பொருள் ஏறி நிற்பதை எடுத்துக் காட்டினர். இன்டர்லூகின்-6 என்று இன்னொன்றும் உண்டு.

இந்த மூன்றையும் கோட்டைக் காவலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். இன்டர்லூகின்-6, பகைவனைக் கண்டதும் முதலில் ஓடிவரும் தூதன். விரைந்து வருவான், விரைந்து மறைந்தும் போவான். தாமதமாக வந்து தேடினால் அகப்படமாட்டான். புரோகால்சிடோனின் குதிரை வீரன். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் வந்து சேருவான். ஆனால் பிறந்த முதல் இரண்டு நாளில், நலமான குழந்தைக்கும் அது இயற்கையாகவே ஏறும்; அதை அறியாதவர் வீணே அஞ்சுவார். சி.ஆர்.பி. கோட்டை முரசு. முழங்கத் தொடங்கவே பத்து, பன்னிரண்டு மணி நேரமாகலாம். முழங்கத் தொடங்கினால் எளிதில் ஓயாது.

இப்போது அந்தத் தோழரின் கேள்விக்கு வருவோம். பிறந்த அன்றே ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருந்தால்? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமல்லவா? அன்று எடுத்திருந்தால், அனேகமாக, "ஒன்றும் இல்லை" என்றுதான் வந்திருக்கும். பகைவன் நுழைவதற்கு முன்பே முரசு முழங்குமா? பிறந்த நாளில் எடுக்கும் ஒற்றைச் சோதனை, ஐந்தாம் நாளுக்குக் காப்புக் கயிறு ஆகாது. மந்திரக் கயிற்றை அறுத்தெறியச் சொல்லும் நாம், விஞ்ஞானத்தின் பெயரால் இன்னொரு கயிற்றைக் கட்டிவிடக் கூடாது!

சரி, நோய்க் குறி தெரிந்த பின் எடுத்தால்? அப்போதும் ஒற்றைச் சோதனையை நம்பி உட்காருவதற்கில்லை. பிறந்த சில நாட்களுக்குப் பின் வரும் தொற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் காக்ரேன் அமைப்பினர் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். முதற் சோதனையில் சி.ஆர்.பி., உண்மையிலே தொற்றுள்ள 100 குழந்தைகளில் 62 குழந்தைகளைத்தான் காட்டிக் கொடுத்தது. 38 குழந்தைகளைத் தவறவிட்டது. தொற்றில்லாத 100 குழந்தைகளில் 26 குழந்தைகளுக்கு வீணே முரசறைந்தது.

"அப்படியானால் இரத்தச் சோதனையே வீண்தானே?" என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை, ஐயா, இல்லை! ஒற்றைக் காவலன் ஏமாறுவான் என்றால், காவலே வேண்டாம் என்பதா முடிவு? காவலனைக் கூட்டு என்பதல்லவா முடிவு!

நமது நாட்டு மருத்துவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஐந்து குறிகளை ஒருசேரப் பார்க்கிறார்கள். இரத்தத்தின் வெள்ளணுக்கள் 5,000-க்குக் கீழே குறைந்தனவா? அவற்றில் கிருமியோடு முன்னின்று பொருதும் அணுக்கள் குறைந்தனவா? முதிராத இளம் அணுக்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலந்துள்ளனவா? பயிற்சி பெற்ற படை களத்திலே மடிந்ததும், எலும்பு மச்சை எனும் பாசறை, மீசை முளைக்காத சிறுவர்களைப் போருக்கு அனுப்புகிறது என்பதற்கு அடையாளம் அது! நாலாவது, நூல் போன்ற கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து நிறுத்தினால், ஒரு மணி நேரத்தில் செவ்வணுக்கள் 15 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குகின்றனவா? ஐந்தாவது, சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டியதா? இந்த ஐந்தில் இரண்டு தவறினால், ஐயம் வலுக்கிறது. முதல் நாள் ஐயம் தீராவிட்டால், ஒரு நாள் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள். இரு முறையும் சி.ஆர்.பி. ஏறாமல் இருந்தால், பெரும்பாலும் ஆபத்தில்லை என்று மூச்சு விடலாம்.

இவற்றோடு, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடியும் என்று கண்டறிய, இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அதன் முடிவு வர ஒன்றரை நாள், இரண்டு நாளாகும். அதுவரை? நோய்க் குறி உள்ள குழந்தைக்கு மருந்தை நிறுத்தி வைத்துக் காத்திருப்பதில்லை. இரத்தத்தை எடுத்ததும் ஊசி மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். சோதனை முடிவுக்காகக் குழந்தை காத்திருக்கக் கூடாது, குழந்தைக்காகத்தான் சோதனை!

ஆக, முதற் காவல் எது? கண்! தாயின் கண், தந்தையின் கண், கிராம சுகாதாரச் செவிலியரின் கண். உலக சுகாதார நிறுவனம் எண்ணிச் சொல்லும் ஆபத்துக் குறிகள் ஏழே ஏழு. குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை, வலிப்பு வருகிறது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குகிறது, மூச்சு விடும்போது மார்பு உள்ளே குழிகிறது, உடல் சுடுகிறது, உடல் சில்லிடுகிறது, தொட்டு அசைத்தாலன்றி அசைவதில்லை. இவற்றுள் ஒன்று கண்டாலும் போதும். மந்திரிப்பவர் வீட்டுக்கல்ல, மருத்துவமனைக்கு! 108 ஆம்புலன்ஸ் எதற்கு இருக்கிறது?

கண்ணின் வலிமைக்குச் சான்று வேண்டுமா? மகாராட்டிரத்திலே கட்சிரோலி. காடும் வறுமையும் சூழ்ந்த பகுதி. அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியினர், 39 சிற்றூர்களில், ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்தனர். ஆய்வுக்கூடம் இல்லை, சி.ஆர்.பி. இல்லை. குறிகளைப் பார், தொற்று என்று தெரிந்தால் ஊசி மருந்து கொடு. இவ்வளவுதான்! முன்பு, தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் நூற்றுக்கு 16.6 மடிந்த இடத்தில், மருத்துவம் தொடங்கிய பின் 2.8-ஆகக் குறைந்தது. 1999-இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. பட்டம் பெற்றவர்கள் மட்டுமே செய்ய முடியும் என்று பலர் எண்ணியிருந்ததை, பாமரப் பெண்கள் செய்து காட்டினார்கள்!

கண் காட்டிக் கொடுக்கும். இரத்தம் உறுதி செய்யும். சில வேளை, "அஞ்சாதே, மருந்தை நிறுத்து" என்றும் சொல்லும். இந்தக் கடைசிப் பணி சிறு பணியல்ல. 2011 முதல் 2014 வரை டில்லியிலே மூன்று பெரிய மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நூற்றுக்கு 14 குழந்தைகளுக்குச் செப்சிஸ். வளர்ப்புச் சோதனையில் கிருமி அகப்பட்ட குழந்தைகளிலே ஏறக்குறையப் பாதி மடிந்தன! காரணம் என்னவென்று தேடினால், அந்தக் கிருமிகளிலே பல, பல மருந்துகளுக்கும் மசியாதவை. தேவையற்ற இடத்திலெல்லாம் மருந்தை இறைத்தோம், கிருமி பழகிக்கொண்டது, தேவையான நேரத்தில் மருந்து தோற்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலுமாக 18 மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகளைக் கொண்டு நடத்தி, 2017-இல் வெளியிட்ட ஆய்வில், புரோகால்சிடோனினைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்து மருந்தை நிறுத்தியபோது, சராசரி 65 மணி நேரம் தந்த மருந்து 55 மணி நேரமாகக் குறைந்தது. பத்து மணி நேரம்தானே என்பீர்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் பத்து மணி நேரத்தை மிச்சப்படுத்தினால், நாளைய குழந்தைக்கு மருந்து மிச்சமிருக்கும்!

இனி நமது கோரிக்கைக்கு வருவோம்.

தமிழ்நாடு இதிலே பின்தங்கிய நாடல்ல. 2020-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில், முதல் 28 நாளுக்குள் இறப்பவை இந்திய நாடு முழுதுக்கும் 20, தமிழகத்தில் 9. பாதிக்கும் குறைவு! மகளிர் கல்வியும், ஆரம்ப சுகாதார நிலையங்களும், செவிலியரின் உழைப்பும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. பெருமைப்படுவோம். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று நம் வீட்டுக் குழந்தையானால், புள்ளிவிவரமா கண்ணீரைத் துடைக்கும்?

செஞ்சியிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நகரத்திலே காரில் போகிறவனுக்கு அது ஒரு பாட்டுக் கேட்கும் நேரம். மலைக்கு அப்பால் உள்ள குக்கிராமத்திலே, நள்ளிரவில், துவண்ட குழந்தையை மடியில் ஏந்திய தாய்க்கு அது ஒரு யுகம்! ஆகையால் கேட்கிறோம்: தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்த ஐந்து குறிகளையும் பார்க்கும் வசதி, இரவிலும் ஞாயிறன்றும் இயங்க வேண்டும். நுண்ணோக்கியும் கண்ணாடிக் குழாயும் சி.ஆர்.பி. சோதனைப் பொருளும் மாளிகை கட்டும் செலவல்ல. ஆய்வக ஊழியர் இருக்க வேண்டும். பூட்டிய அறைக்குள்ளே கருவி இருந்து பயனென்ன? கிருமிக்கு அரசு விடுமுறை கிடையாது! முதல் ஊசியைப் போட்டு, உடல் சூடு குறையாமல், தாயின் மார்போடு அணைத்துக் குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இது பிச்சையல்ல. 2011-இல் இந்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர், ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம். பெயர் நம் நாவிலே நுழையாது; நுழையாத பெயரை வைப்பதிலே அவர்களுக்கு அப்படியொரு ஆசை! போகட்டும். பெயர் அவர்களுடையது, உரிமை நம்முடையது. நோயுற்ற பச்சைக் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், இரத்தச் சோதனை இலவசம், போக்குவரத்து இலவசம் என்பதே அந்தத் திட்டம். முதலில் 30 நாள் வரை என்றார்கள், பின்னர் ஓராண்டு வரை என நீட்டினார்கள். காசு இல்லையே என்று தயங்கி, ஒரு மணி நேரத்தைக்கூட எந்தத் தோழரும் இழக்க வேண்டாம்.

அரசிடம் கேட்கும் நாம், நம் வீட்டையும் கேட்போம். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைக்கிறோமே, அந்த விரல் கழுவிய விரலா? கழுதைப் பால் நோய் தீர்க்கும் என்று தெருவிலே வாங்கிப் புகட்டுகிறோமே, அது காய்ச்சிய பாலா? தொப்புளிலே சாம்பலும் மஞ்சளும் அப்புகிறோமே, அது மருந்தா, கிருமிக்கு விருந்தா? 1847-இல் வியன்னா நகரிலே செம்மல்வைஸ் என்ற மருத்துவர், "கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பாருங்கள், தாய்மார் சாகமாட்டார்கள்" என்றார். மெத்தப் படித்த மருத்துவர் பலரே அவரை ஏற்க மறுத்தனர். அவர் மனமுடைந்து மாண்டார்; அவர் சொன்ன உண்மை மாளவில்லை. தாய்ப்பால் ஒன்றே போதும், தொப்புள் காய்ந்து தானே விழட்டும், தொடுகிறவர் கை கழுவட்டும். இதற்குப் பணம் வேண்டுமா? பகுத்தறிவு போதும்!

அந்தப் பாட்டியை நாம் பழிக்கவில்லை. பேத்தியின் மீது அவருக்கு இருந்த பாசம் நமது பாசத்துக்குக் குறைந்ததல்ல. பாசத்துக்கு வழிகாட்ட அறிவு அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை, கயிறு வந்தது! அறிவு போகாத தெருவிலே கயிறு போகிறது. குற்றம் கயிறு கட்டியவனுடையது மட்டுமா? அறிவைக் கொண்டு போகாத நம்முடையதும்தான்.

எனவே, தோழர்களே! ஒவ்வொரு படிப்பகத்திலும் அந்த ஏழு குறிகளையும் பெரிய எழுத்திலே எழுதி மாட்டுங்கள். தேநீர்க் கடையில் பேசுங்கள், களத்துமேட்டில் பேசுங்கள், மூட்டை இறக்கிவிட்டு இளைப்பாறும் நேரத்தில் பேசுங்கள். தெருவிலே ஒரு குழந்தை பிறந்தால், வாழ்த்துச் சொல்லப் போகிறவர், ஏழு குறிகளையும் சொல்லிவிட்டு வாருங்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தால் உடன் போங்கள், பெரிய கட்டடத்தைக் கண்டு மருளும் தாய்க்குப் பக்கத்திலே நின்று, "இரத்தம் பார்த்தீர்களா ஐயா? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?" என்று பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள்.

அந்தத் தோழரை மறுபடி சந்தித்தோம். நாம் அறிந்ததைச் சொன்னோம். "பிறந்த அன்று எடுத்த இரத்தம் காப்பாற்றியிருக்காது தம்பி. ஐந்தாம் நாள் காலையில், பால் குடிக்க மறுத்தபோதே போயிருந்தால், பிழைக்க வழி இருந்திருக்கும்" என்றோம். சொல்லும்போது நமது குரல் நடுங்கியது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, மூட்டைக் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த ஏழையும் ஒரு தாளுல எழுதிக் குடுங்கண்ணே. கூடத்துல மாட்டணும். எங்க செட்டுல ரெண்டு பேரு வீட்டுல புள்ளத்தாச்சிங்க இருக்காங்க."

எழுதிக் கொடுத்தோம். நெல் விலை எழுதும் பலகைக்குப் பக்கத்திலே, இன்று அந்தத் தாள் இருக்கிறது.